மாதச் சந்தாவில் தவறி வந்த சுகர் ஸ்ட்ரிப்கள்: திருப்பிக் கொடுத்த அனுபவம்

மாதச் சந்தாவில் வாங்கும் பொருளோடு கேட்காத பொருளும் வீட்டுக்கு வந்துவிட்டால், உடனே வங்கிக் குறுஞ்செய்திகளைப் பார்த்துவிடுங்கள். எங்கள் பணத்தைக் காப்பாற்றியது அதுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போடுவதால் காலையிலும் இரவிலும், சில நாள் மதியமும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ரத்தத் துளியை வைத்துச் சர்க்கரை பார்க்கும் மெஷினில் செருகும் ஸ்ட்ரிப்பையும், விரலைக் குத்தும் லான்செட் ஊசியையும் மாதாமாதம் வீட்டுக்கே அனுப்பும் ஒரு கம்பெனியில் சந்தா போட்டிருந்தேன். 50 ஸ்ட்ரிப் கொண்ட டப்பா இரண்டு வரும், பணம் கார்டிலிருந்து தானாகப் போய்விடும். மே மாதம் வழக்கமான பார்சல் வந்த பிறகு இன்னொரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. உள்ளே பத்து டப்பா, அத்தனையும் வேறு மெஷினுக்கானவை. ஒரு மெஷினின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் வேலை செய்யாது. ஆனால் முகவரி எங்களுடையது, இன்வாய்ஸும் என் பெயரில்தான்.

அன்று மாலையே வங்கியிலிருந்து செய்தி வந்தது: 9,000 ரூபாய்க்கு மேல் ஒரு தொகை மறுநாள் எடுக்கப்படும் என்று. கார்டில் தானாக எடுக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் தர வேண்டும், அந்த ஒரு தவணையை மட்டும் நிறுத்தும் வசதியும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே போகலாம் என்பதால், தடுப்பதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். குறுஞ்செய்தியில் இருந்த லிங்கைத் தொடாமல் வங்கியின் ஆப்புக்குள் போய் அந்தத் தவணையை நிறுத்தினேன். சந்தா அப்படியே இருந்தது.

அடுத்தது பொருள். சொந்தக்காரர்கள் பலரும் "வச்சுக்க, அவங்க தப்புதானே" என்றார்கள். கேட்காமல் வந்தது நமக்கே சொந்தம் என்று சொல்லும் ஒரு வீடியோவையும் ஒருவர் அனுப்பினார். அது அமெரிக்கக் கதை. ஆர்டர் செய்யாமல் தபாலில் வரும் பொருளை அன்பளிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே 1970இல் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. தவறுதலாகப் பணமோ பொருளோ வந்து சேர்ந்தால் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று அதன் 72ஆவது பிரிவு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. அம்மாவுக்குச் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை. "பத்து டப்பான்னா நாலஞ்சு பேராவது கையில ஸ்ட்ரிப் இல்லாம உட்கார்ந்திருப்பாங்கடி, சீக்கிரம் சொல்லு" என்றார்.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கே நிறைய உலவுகின்றன. பாக்கெட் பொருள்களில் புகாருக்கான தொடர்பு விவரத்தை அச்சிட்டே ஆக வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் சொல்வதால், பெட்டியில் இருந்த எண்ணையே எடுத்துக்கொண்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். புது மென்பொருளுக்கு மாறியதில் பலருடைய ஆர்டர்கள் இடம் மாறிவிட்டன என்று ஒப்புக்கொண்டார். "நீங்களே கூரியர்ல போட்டுருங்க மேடம், ரசீது அனுப்புனா பணம் தந்துடுவோம்" என்று அவர் சொன்னதற்குத்தான் நான் சம்மதிக்கவில்லை. திருப்பித் தரவேண்டியது என் கடமை, சரி. சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும் என்று அந்த 72ஆவது பிரிவில் இல்லை. வழியில் பெட்டி தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவளும் நானாகிவிடுவேன்.

போனில் பேசியதை எல்லாம் அன்றே மின்னஞ்சலாக எழுதி, கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பினேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இப்படி ஓர் அலுவலர் இருந்தாக வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியின் படம், லேபிள், இன்வாய்ஸ், ஒவ்வொரு டப்பாவின் பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாவற்றையும் இணைத்தேன். தீராவிட்டால் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போவேன் என்றும் எழுதினேன். அங்கே தமிழிலேயே பேசலாம்.

அந்த மின்னஞ்சலில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கத்திரி வெயில் நேரம். 30 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. மதுரையில் மே மாதம் பகலில் வேனுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூடுபட்ட ஸ்ட்ரிப் அளவைத் தப்பாகக் காட்டலாம். அந்த எண்ணை நம்பி ஒருவர் இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடலாம். ஆகவே இரண்டு கேட்டேன்: இந்த டப்பாக்களை மறுபடி யாருக்கும் விற்கக்கூடாது, இவை திரும்பி வரும்வரை காத்திருக்காமல், கிடைக்காதவர்களுக்குப் புதிதாக உடனே அனுப்ப வேண்டும். இதற்குப் பதிலை எழுத்தில் கேட்டேன். அதுவரை டப்பாக்கள் ஏசி அறை பீரோவில் இருந்தன. ஃப்ரிட்ஜின் ஈரமும் இவற்றுக்கு ஆகாது.

கம்பெனியே கூரியர் ஆளை அனுப்பிப் பெட்டியை எடுத்துக்கொள்ளும் பிக்கப்பும் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. நாள் முழுக்க நாங்கள் வீட்டில் இருந்தும் "வாடிக்கையாளர் இல்லை" என்று ஸ்டேட்டஸ் வந்தது. அந்த நிமிடமே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பழைய மின்னஞ்சலுக்கே பதிலாகப் போட்டேன். ஒரே தொடரில் எல்லாம் இருந்தால் புதிதாக வரும் அதிகாரியிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது. இடையில் கூரியரிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், ஐந்து ரூபாய் கட்டி ஓர் ஆப்பை இறக்கினால் பிக்கப் உறுதியாகும் என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டேன். இப்படிப் பணம் பறிபோனால் கூப்பிட வேண்டிய எண் 1930.

கடைசியில் வந்த கூரியர் தம்பியின் கருவியில் ஒரே ஒரு பொருள் என்றுதான் காட்டியது. பெட்டிக்குள் பத்து. "எண்ணிக்கை மாறுனா எங்க சம்பளத்துல பிடிச்சிருவாங்கக்கா" என்றார். யாரோ செய்த குளறுபடிக்கு அவர் ஏன் நஷ்டப்பட வேண்டும்? அவர் எதிரிலேயே டப்பாக்களை எண்ணி, வீடியோ எடுத்து, டேப் ஒட்டி, மேலே "10" என்று மார்க்கரில் எழுதினோம். ரசீதிலும் அதே எண்ணை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் போனுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். ரசீது கைக்கு வந்த பிறகே பிக்கப் ஓடிபியைச் சொன்னேன்.

பெட்டி கிடங்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு குறைதீர் அலுவலரிடமிருந்து பதில் வந்தது. பத்து டப்பாவும் பேட்ச் எண்ணோடு கிடைத்தன, விற்பனைக்குப் போகாமல் அழிக்கப்படும், இன்வாய்ஸ் ரத்து, மற்றவர்களுக்குப் புது ஸ்ட்ரிப் அனுப்பியாகிவிட்டது என்று இருந்தது. கடைசி வரியைத்தான் அம்மாவுக்கு முதலில் படித்துக் காட்டினேன். சந்தாவை நிறுத்தவில்லை. ஆனால் கார்டிலிருந்து தானாக எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு 15,000 என்று இருந்ததை, இரண்டு டப்பாவின் விலைக்குக் கொஞ்சம் மேலே, 3,000 ஆகக் குறைத்துவிட்டேன்.