ஷூட்டிங்குக்கு நகல் துப்பாக்கி: கோலாலம்பூரில் பெர்மிட் எடுக்கும் வேலை

ஆன்லைனில் ஒரு பொம்மைத் துப்பாக்கி வாங்கிவிட்டால் சண்டைக் காட்சி தயார் என்று இங்கே தமிழ் நாடகம், குறும்படம் எடுப்பவர்களில் பலர் நினைக்கிறார்கள். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘நகல் ஆயுதம்’ என்பதையும் தனியாகச் சொல்கிறது. அது சுடுமா சுடாதா என்று யாரும் கேட்கப் போவதில்லை, துப்பாக்கி போலத் தெரிந்தாலே போதும். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 36-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். மரத்தில் செதுக்கியது, ரப்பரில் வார்த்தது, ஜெல் உருண்டை சுடும் ‘ஜெல் பிளாஸ்டர்’ என்று எதையும் “இது வெறும் பொம்மைதானே” என்று தள்ளிவிட முடியாது.

நகல் துப்பாக்கியை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் எங்கள் தொழிலுக்கு இடம் கிடைப்பதே இதனால்தான். மூன்று நாள் ஷூட்டிங்குக்காக ஒரு சின்னத் தயாரிப்பாளர் இத்தனை காகிதத்துக்கும் அலைய மாட்டார். பொருளும் அதற்குரிய அனுமதியும் ஒரே இடத்தில் கிடைத்தால் காசு கொடுப்பார்.

எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவில் தொழில் விவரத்தைப் பொம்மை விற்பனை என்று போடாதீர்கள். படப்பிடிப்புப் பொருள் வாடகை என்றே எழுதுங்கள். போலீஸ் தலைமையகத்தின் ஆயுத உரிமப் பிரிவுக்குப் போகும் கடிதமும் இந்த விவரமும் ஒத்துப்போக வேண்டும். கடிதத்தை மலாயில் எழுதி எஸ்எஸ்எம் நகல், நிறுவன இயக்குநர்களின் ஐசி (அடையாள அட்டை) நகல், பொருளை வைக்கும் இடத்தின் முகவரி, பூட்டும் அலமாரியின் படம், பிறகு துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கப் படம், நீளம், எடை, என்ன பொருளால் ஆனது என்பதையெல்லாம் இணைக்கிறோம். நகல் துப்பாக்கிக்குத் தொழிற்சாலை எண் இருக்காது. அதனால் பிடியின் அடியில் நாமே ஒரு எண்ணைப் பொறித்து, அதையே பட்டியலிலும் எழுத வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டினால் இரண்டாவது ஷூட்டிங்கிலேயே வியர்வையில் உரிந்துவிடும். அப்புறம் எது எந்தத் துப்பாக்கி என்று சொல்ல ஆளிருக்காது.

வெளிநாட்டில் வாங்குவதாக இருந்தால் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் ஆர்டர். கொரியர் பெட்டி சுங்கத்தில் நின்ற பிறகு அனுமதி தேடுவது தலைகீழ் வேலை. பெரும்பாலும் பொருளும் போகும், காசும் போகும். ‘விளையாட்டுப் பொருள்’ என்று எழுதி அனுப்பும்படி விற்பவரிடம் சொல்வது அதைவிட மோசம், அது பொய் அறிவிப்பு.

என்ன வாங்குவது? குளோசப்புக்கு ரெசின் இரண்டு. உருண்டு விழுவதற்கு, தூக்கி எறிவதற்கு ரப்பர் நான்கு. தொடங்க இது போதும். குண்டு நிரப்பிய கிளாக் 17 ஏறக்குறைய 900 கிராம் இருக்கும். ரப்பர் நகல் அதில் பாதிகூட வராது. நடிகர் அதைக் கைக்குட்டை மாதிரி வீசுவார், திரையில் உடனே பொய் தெரிந்துவிடும். பிடிக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை வைத்து அடைத்தால் மணிக்கட்டு தானாகத் தாழும். குழல் வாய் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு. உள்ளே கறுப்பு மை அடித்துவிட்டால் கேமராவுக்கு ஓட்டை மாதிரியே தெரியும். குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ள வெற்றுத் தோட்டா கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒத்திகையின்போது நிஜத் தோட்டா வெடித்து ஒளிப்பதிவாளர் இறந்தார். தீப்பொறியை எடிட்டிங்கில் போட்டுக்கொள்ளலாம்.

வைத்திருப்பதற்கான அனுமதி ஒன்று, தெருவில் எடுத்து நடிப்பது வேறொன்று. ஷூட்டிங் நடக்கும் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குத் தனிக் கடிதம் போக வேண்டும். தேதி, நேரம், சரியான இடம், எத்தனை துப்பாக்கி, எந்த வண்டியில் வருகிறது, பொறுப்பாளர் கைப்பேசி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். தயாரிப்பாளரின் பினாஸ் (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) உரிமம், படப்பிடிப்புச் சான்றிதழ் நகல்களையும் சேர்த்துவிடுங்கள். மூன்று வாரம் முன்னால் கொடுக்க முடியாதவரின் வேலையை நாங்கள் எடுப்பதில்லை.

அதிகம் இடறுவது போலீஸ் மாவட்ட எல்லைக் கணக்கில்தான். ஜாலான் ஈப்போ பக்கம் என்றால் செந்தூல், மஸ்ஜித் இந்தியா என்றால் டாங் வாங்கி. காலையில் பிரிக்பீல்ட்ஸில் எடுத்துவிட்டு, “பக்கம்தானே” என்று மாலையில் பெட்டாலிங் ஜெயாவுக்கு வண்டியைத் திருப்பினால் அது சிலாங்கூர். கோலாலம்பூர்க் கடிதம் அங்கே செல்லாது. டைரக்டர் கெஞ்சினாலும் பெட்டியைத் திறக்காதீர்கள். போலீஸ் உடை போட்டு நடிக்கிறார்களா? அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

அன்றைய தினம் பெட்டிச் சாவி நம் ஆளிடம் மட்டும். காட்சிக்குக் கொடுப்பது, ‘கட்’ சொன்னதும் வாங்குவது, எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவது, மூன்றும் அவர் வேலை. சாப்பாட்டு நேரத்தில் நடிகர் இடுப்பில் செருகிக்கொண்டு மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவார். பக்கத்து மேசைக்காரர் 999-க்கு அழைப்பார். வருகிற போலீஸுக்கு அது நகல் என்று தூரத்திலிருந்து தெரியாது. அதனால் சாப்பாட்டு பிரேக் சொல்வதற்கு முன்பே பெட்டியில் எண்ணிக்கை முழுசாக இருக்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி, துணை இயக்குநரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம்.