ஏழு செடி வாங்கினேன், மூன்று மிஞ்சியது

நீர்ச்செடி வளர்க்க மீன் தொட்டி வைத்து நேற்றோடு ஐந்து மாதம். தொடங்கும்போது எழுதி வைத்த நோட்டைப் புரட்டினால் பாதிப் பக்கம் செடி வாங்கிய கணக்கு, மீதிப் பாதி செடி செத்த கணக்கு. புதிதாகத் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்கு என் நஷ்டமாவது உதவட்டும்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். மணலும் கட்டையும் போக 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு எல்இடி லைட். செடிக்குக் கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் கிடையாது.

ஜனவரி, முதல் வாரம்

அழகாக இருக்கிறதே என்று வெள்ளைக் கூழாங்கல் இரண்டு கிலோ வாங்கி வந்தேன். சந்தேகத்துக்கு ஒரு கல்லின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நுரை கட்டியது, காதருகே கொண்டுபோனால் மெல்லிய சர்ர்ர் சத்தம். பளிங்குக் கல். தண்ணீரில் கிடந்தால் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 900 காட்டுவது, பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடுவது. அதில் இது வேறா? கூழாங்கல் துளசி மாடத்துக்குப் போனது.

மாடியில் வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் அரை மூட்டை இருந்தது. சலித்து, பக்கெட் பக்கெட்டாகக் கழுவினேன். பதினேழாவது பக்கெட்டில்தான் தண்ணீர் தெளிந்தது. எம்-சாண்ட் போதுமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அது உடைத்த கல், முனை கூர்மை, தூசும் அதிகம், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தண்ணீருக்கு போர் பாதி, ஆர்ஓ பாதி.

அதே வாரம், ஞாயிறு

கொளத்தூர் போனேன். சென்னையில் மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் அங்கே போய் நிற்பவர்கள்தான். செடித் தொட்டிகளைப் பார்த்ததும் புடவைக் கடைக்குள் நுழைந்தவன் மாதிரி ஆகிவிட்டேன். சிவப்பு வேண்டும், தரையில் புல் விரித்த மாதிரி வேண்டும், உயரமாகவும் ஒன்று வேண்டும். வாங்கியவை: சிவப்பு ஆல்டர்னான்தெரா, டுவார்ஃப் ஹேர்கிராஸ், அமேசான் ஸ்வார்ட், லக்கி பேம்பூ, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் நானா, கிரிப்டோகொரைன் வெண்டி. கடைசி மூன்றும் எனக்குப் பிடித்து வாங்கியவை அல்ல. "இதையும் வைங்க சார், சாகாது" என்று கடைக்காரர் கொடுத்தவை.

லக்கி பேம்பூ மூங்கிலும் இல்லை, நீர்ச்செடியும் இல்லை. வேர் தண்ணீரில் இருக்கலாம், இலை வெளியே இருக்க வேண்டும். நான் முழுசாக முக்கினேன். ஐந்து வாரத்தில் தண்டு மஞ்சளாகி, தொட்டால் வாழைப்பழம் மாதிரி நசுங்கியது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நட்டது

பாத்தி கட்டியதுபோல் ஏழையும் வரிசையாக நட்டேன், நடுவில் கட்டை. அந்தக் கட்டை பன்னிரண்டு நாள் மிதந்துகொண்டே இருந்தது தனிக்கதை. கடைசியில் அம்மாவின் இட்லிக் குண்டானில் வேகவைத்தேன். தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு வந்தது. குண்டான் இப்போது என்னுடையது, வீட்டுக்குப் புதுசு வாங்கியாகிவிட்டது.

பெரிய தப்பு நட்டதில்தான். ஜாவா ஃபெர்னுக்கும் அனுபியாஸுக்கும் இஞ்சி மாதிரி படுக்கையாக ஒரு தண்டு இருக்கும். அதற்கு மேலே இலை, கீழே வேர். அந்தத் தண்டை மணலில் புதைக்கவே கூடாது, கல்லிலோ கட்டையிலோ கட்ட வேண்டும். அனுபியாஸ் நட்ட மறுநாளே மிதந்துவிட்டதால் எரிச்சலில் அதைக் கட்டையோடு தையல் நூலால் கட்டிப் போட்டேன், அதனால் பிழைத்தது. ஃபெர்னை நன்றாக ஆழப் புதைத்து மணலை அழுத்தியும் விட்டேன். மூன்றாவது வாரம் பிடுங்கினால் தண்டில் பாதி கறுத்து, சாக்கடை நாற்றம். நல்ல பாதியை வெட்டிக் கட்டையில் கட்டினேன்.

அதன் இலைக்கு அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. நோய் என்று நினைத்து நாலு இலையை நறுக்கி எறிந்தேன். அவை வித்துப் பைகளாம். இலை முதிர்ந்தால் வருவதுதான், நோயே இல்லை. இப்போது அப்படியொரு பழைய இலையின் நுனியில் குட்டிச் செடி ஒன்று வேரோடு தொங்குகிறது.

கிரிப்டோகொரைன் கதை

இதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒன்பதாவது நாள் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, பத்தாவது நாள் கூழாகிவிட்டன. இடம் மாறினாலே இந்தச் செடி இப்படி இலையைக் கொட்டிவிடும். அதோடு, பண்ணைகளில் பல நீர்ச்செடிகளைத் தண்ணீருக்கு மேலேதான் வளர்க்கிறார்கள். அந்த இலை நீருக்குள் நிற்காது, புது இலை விட வேண்டும். இலங்கையின் ஓடைக்கரைகளுக்கே உரிய செடி இது. நீர் ஏறுவதும் வடிவதும் அதற்குப் பழக்கம், எல்லாம் வேரில்தான் இருக்கிறது. எனக்கு அப்போது இது தெரியாது. பிடுங்கி எறிய சோம்பல்பட்டு விட்டேன். நான்காவது வாரம் மணலைப் பிளந்துகொண்டு பழுப்புப் பச்சையில், ஓரம் நெளிநெளியாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இலை வந்தது.

பிப்ரவரி

செடி வளரட்டும் என்று லைட்டைப் பதினோரு மணி நேரம் எரியவிட்டேன். வளர்ந்தது பாசி. முதலில் கண்ணாடியில் பழுப்பு மாவு, விரலால் துடைத்தால் போய்விடும். அடுத்து ஹேர்கிராஸின் ஒவ்வோர் இழையிலும் பச்சை நூல். எது புல், எது பாசி என்றே பிரிக்க முடியவில்லை, மொத்தமாக எடுத்துவிட்டேன். ஆல்டர்னான்தெரா கீழ் இலையிலிருந்து உதிர்த்துக்கொண்டே போய் ஒரு நாள் வெறும் குச்சியாக நின்றது. அமேசான் ஸ்வார்ட் வேரால் சாப்பிடும் செடி, கழுவிய மணலில் அதற்கு என்ன இருக்கிறது? உர வில்லை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்போது அதுவும் போய்விட்டது.

ஒரு டைமர் வாங்கி லைட்டை ஆறு மணி நேரத்துக்குக் குறைத்தேன். மூன்றே வாரத்தில் பாசி அடங்கியது. ஆறாவது வாரம் ஆறு கப்பி மீன் விட்டேன்.

மார்ச், மூன்றாவது தடவை அடுக்கியது

இதற்குள் இரண்டு தடவை எல்லாவற்றையும் இடம் மாற்றியிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "நட்டதைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தா வேர் எப்படிடா பிடிக்கும்?" என்றார். வாஸ்தவம்தான். இனி ஒரே தடவை என்று முதலில் காகிதத்தில் வரைந்தேன்.

கட்டையை நடுவிலிருந்து நகர்த்தி, இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்தேன். மணல் பின்னால் 3 அங்குலம், முன்னால் ஒன்றரை. சரிவு வழியாமல் நடுவே இரண்டு கல். கட்டை மேல் அனுபியாஸும் ஃபெர்னும். அதன் நிழலில் கிரிப்டோகொரைன், பக்கத்து மணலுக்குள் ஓர் உர வில்லை. பின்சுவர் ஓரம் புதிதாக வாங்கிய வாலிஸ்னேரியா பத்துக் கன்று. ரிப்பன் மாதிரி இலை, கடினமான தண்ணீர் அதற்குப் பிரச்சினையே இல்லை. முன்பக்கம் வெறும் மணல். இதில்தான் மனசு அடங்கவில்லை, காலி இடத்தைப் பார்த்தாலே கை ஊறும். ஆனால் அந்தக் காலி மணல் வந்த பிறகுதான் தொட்டிக்கு ஆழம் தெரிந்தது.

வலது மூலைக்கு நீர்ப்பிரம்மி வைக்க ஆசை. நம் ஊர் வாய்க்கால் ஓரம் வளர்வது, தண்ணீருக்கு அடியிலும் மெதுவாக வளரும். ஒரு நர்சரியில் பிரம்மி கேட்டேன், வல்லாரையைக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் அந்தப் பெயர் ஓடுகிறது. வல்லாரை துவையலானது. அசல் நீர்ப்பிரம்மி பிறகு ஊரிலிருந்து வந்தது. வயல் மருந்துக்குப் பயந்து இரண்டு வாரம் பக்கெட்டில் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்திருந்துதான் உள்ளே விட்டேன்.

மே

தண்ணீர் 32 டிகிரி. ஃபெர்ன் நுனி பழுப்பாகிறது. சின்ன டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்திருக்கிறேன், கூடிப்போனால் இரண்டு டிகிரி குறைகிறது. தண்ணீர் வேகமாக வற்றுகிறது. வற்றுவது நீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் நிரப்புவதற்கு ஆர்ஓ மட்டும்தான்.

வாலிஸ்னேரியா பத்து இப்போது இருபத்தாறு. மணலுக்கு மேலே கொடி ஓட்டி, சில அங்குலத்துக்கு ஒரு கன்று. கப்பிக் குஞ்சுகள் அதற்குள்தான் ஒளிகின்றன, நேற்று எண்ணியதில் பதினொன்று. ஒரு கொடி கிரிப்டோகொரைனைச் சுற்றிக்கொண்டு முன்பக்கக் காலி மணலுக்குள் இறங்கிவிட்டது. வெட்ட வேண்டியதுதான், ஆனால் அதன் நுனியில் ஒரு குஞ்சு படுத்திருக்கிறது. அடுத்த ஞாயிறு வரைக்கும் இருக்கட்டும்.