காங்கேசன்துறைக்கு வந்தவர்களும் வியட்நாமில் இறங்கியவர்களும்

"ரோஹிங்யாக்களைத் திருப்பி அனுப்பினால் எங்களுக்கென்ன, எங்களுக்கே இங்கே வழியில்லை" என்று யாழ்ப்பாணத்தில் யாராவது சொல்லிக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை. ரோஹிங்யாக்கள் என்றால் மியான்மரிலிருந்து துரத்தப்பட்டுப் படகில் இங்கே வந்து சேர்ந்த முஸ்லிம் இனத்தவர். சொல்கிறவரின் தம்பியோ மருமகனோ லண்டனிலோ சுவிஸிலோ அசைலம் (அகதித் தஞ்சம்) அடித்துவிட்டு, கேஸ் என்னவாகுமோ என்று இன்றைக்கும் நித்திரையில்லாமல் இருப்பார். அந்த வீட்டிலிருந்துதான் இந்தப் பேச்சு வருகிறது.

2022 நவம்பரை மறந்துவிட்டோமா? வியட்நாமுக்கு அப்பால் பழுதான கப்பலொன்றில் தத்தளித்த 303 இலங்கையரை, அதில் பெரும்பாலானோர் எங்கள் ஆட்கள், ஜப்பானியக் கப்பல் ஒன்று ஏற்றி வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களை அனுப்பிவிடாதீர்கள், மூன்றாவது நாடொன்றுக்கு எடுங்கள் என்று உறவினர்கள் கெஞ்சினார்கள், அதையே நாங்களும் சொன்னோம். அதற்கு அடுத்த மாதம், வெற்றிலைக்கேணிக்கு அப்பால் தத்தளித்த 104 ரோஹிங்யாக்களைக் கடற்படை காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. அந்த டிசம்பர் கடைசியிலேயே வியட்நாமில் இருந்தவர்களில் 150 பேருக்கு மேல் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடல்தான் வேறு. ஒரே காலம், ஒரே மாதிரித் தத்தளிப்பு.

இரண்டு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 19ஆம் தேதி, முல்லைத்தீவில் வெள்ளமுள்ளிவாய்க்கால் கடலில் இன்னொரு படகு. நூறு பேருக்கு மேல், அதில் நிறையச் சின்னப் பிள்ளைகள். முதலில் கண்டது மீனவர்கள். தண்ணீரும் சாப்பாடும் கொடுத்ததும் அந்த ஊர்ச் சனம்தான், 2009இல் போரின் கடைசி நாட்களில் அதே கரையில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம். யாரும் அவர்களிடம் நீ என்ன மதம், எந்த நாடு, ஆட்களைப் படகேற்றும் ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டினாய் என்று கேட்கவில்லை. பிறகு திருகோணமலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017இல் மக்கள் இரவு பகலாக முகாம் வாசலில் உட்கார்ந்திருந்த அதே கேப்பாப்பிலவு.

அப்புறம் அரசாங்கத் தரப்பிலிருந்து வந்த பேச்சு இதுதான்: இது ஆட்கடத்தல், திருப்பி அனுப்புவது பற்றி மியான்மரோடு பேசுகிறோம். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து ஏன் வந்தாய் என்று விசாரிப்பதற்கு முன்னமே இந்தப் பேச்சு. 1982 சட்டத்தால் பிரஜாவுரிமை இல்லாமல் ஆக்கப்பட்டு, 2017இல் ஏழு லட்சம் பேருக்கு மேல் பங்களாதேசுக்கு ஓடிய ஒரு இனத்தை, துரத்திய அந்த நாட்டிடமே ஒப்படைப்பது பற்றி. 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை எப்படிப் பறிபோனது என்று பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

"ஆட்கடத்தல்" என்று சொல்லித்தான் அவுஸ்திரேலியாவும் எங்கள் ஆட்களை அனுப்பியது. என் சித்தியின் மகன் 2012 கடைசியில் படகில் போனவன். வக்கீல் இல்லை, கொஞ்ச நேரம் கேள்வி கேட்டார்கள், பிறகு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க விசாரணை, நீர்கொழும்பு நீதிமன்றம், பிணை. காணி உறுதியை ஈடு வைத்துப் போனவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வீட்டுக்கு வந்தான். அதோடு முடியவில்லை. சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து, மோட்டார் சைக்கிளைப் படலையடியில் விட்டுவிட்டு, அவனுடைய அடையாள அட்டையைப் போனில் படமெடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு "சும்மா ஒரு பதிவுக்கு" என்றார்கள். சித்தி அதற்குப் பிறகு பின்னேரமானால் படலையைப் பூட்டிவிடுவா. ஏஜென்சிக்காரன் மோசமானவன் என்பது உண்மை. ஆனால் அவன் மோசமானவன் என்பதால் இவனுடைய பயம் பொய்யாகிவிடுமா?

2014 ஜூலையில் அவுஸ்திரேலியா 41 இலங்கையரைக் கடலிலேயே சில கேள்விகள் கேட்டுவிட்டு இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர், சிலர் தமிழர். அதே வருடம், ஏறக்குறைய அதே மாதங்களில், இங்கே தஞ்சம் கேட்டிருந்த பாகிஸ்தானியரையும் ஆப்கானியரையும் இலங்கை பிடித்துத் திருப்பி அனுப்பியது. ஐ.நா. அகதிகள் அமைப்பு ஆட்சேபித்தது. முதலாவதைப் பற்றி எங்களுக்குள் எவ்வளவோ பேசினோம். இரண்டாவதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

அனுப்பிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பது எப்படி முடியும் என்பதற்கு எங்கள் கதையே இருக்கிறது. 1988 பெப்ரவரியில் பிரிட்டன் ஐந்து தமிழரைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் இங்கே இருந்தபடியே அப்பீல் நடத்தி அடுத்த வருடம் வென்று, மறுபடி பிரிட்டனுக்குப் போனார்கள். அப்பீல் என்ற ஒன்று இருந்ததால்தான் அது முடிந்தது. மியான்மருக்கு அனுப்பப்பட்டவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

இலங்கை அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து வைக்கவில்லை என்பார்கள். சரி. ஆனால் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை 1994இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சித்திரவதை நடக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிற இடத்துக்கு ஒருவரையும் அனுப்பக் கூடாது என்று அதன் மூன்றாவது பிரிவு சொல்கிறது. செலவைப் பற்றிய பயமும் சரியல்ல. அகதி என்று ஐ.நா. அமைப்பு ஏற்றுக்கொள்பவர்களை வேறு நாடுகளில் குடியேற்றுவதுதான் இங்கே நீண்ட காலம் இருந்த நடைமுறை. ஒருவரும் உங்கள் காணியைக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அவர்கள் முஸ்லிம்கள்தானே" என்று மெல்லிய குரலில் சொல்கிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரத்தில் வெளியேற்றிய ஊர் இது. அந்த வாயை இந்த ஊரில் யாரும் திறக்கக் கூடாது.

வடக்கிலிருந்து நாடாளுமன்றம் போனவர்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். படகில் வந்த ஒவ்வொருவரையும் ஐ.நா. அகதிகள் அமைப்பு தனித்தனியாக விசாரித்து முடிக்கும்வரை யாரையும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது என்று ஒரு சட்டம் கொண்டுவரக் கேளுங்கள். அதுவரைக்கும் பிள்ளைகளை முகாமுக்குள் அடைத்து வைக்காமல், பள்ளிக்கூடம் போகக்கூடிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள், கேஸ் வென்று வதிவிட காட் எடுத்தவர்கள், இதை வாசித்தால் உங்கள் ஊர் எம்பிக்கு நீங்களும் எழுதுங்கள். உங்கள் கேஸ் எப்படி வென்றது, யார் உங்களுக்காகப் பேசினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.