சோதனையில் சிக்காத காணாக்கடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இருந்தது அலர்ஜி இல்லை. ஆனால் தினமும் உடம்பில் தடிப்பு தடிப்பாக எழும்பியது. 6 வாரத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட காணாக்கடி என்கிறார்கள். ஒரு தடிப்பு சில மணி நேரத்தில் சுவடில்லாமல் அமுங்கும், அதற்குள் வேறு இடத்தில் இரண்டு கிளம்பியிருக்கும். மருத்துவரிடம் போகும் அன்று மட்டும் தோல் சுத்தமாக இருக்கும். அதனால் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனையிலும் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் அகப்படவில்லை. "அப்போ சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். அந்தச் சோதனைகள் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத்தான் தேடும் என்றார். வேர்க்கடலை, இறால் மாதிரி புரதத்தால் வரும் ஒவ்வாமை அதில் சிக்கும். உணவில் இயல்பாகவே இருக்கும் சாலிசிலேட், அமீன், குளுட்டமேட், பதப்படுத்தப் போடும் பென்சோயேட் எல்லாம் புரதமல்ல, சின்னச் சின்ன ரசாயனங்கள். அவை ஒத்துக்கொள்ளாததைக் கண்டுபிடிக்க, சாப்பிடாமல் இருந்துவிட்டு மறுபடி சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். பலருக்குக் காணாக்கடிக்கும் உணவுக்கும் தொடர்பே இருக்காது என்பதையும் சொல்லித்தான் டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

அவர் கொடுத்தது நீக்கல் உணவு முறை. சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்பிரட் மருத்துவமனை வகுத்த முறையைத் தழுவியது. இந்த ரசாயனங்கள் அதிகம் உள்ள தக்காளி, ஆரஞ்சு, திராட்சை, தேன், மசாலா, சாக்லேட், நாள்பட்ட சீஸ், சோயா சாஸ் எல்லாம் வெளியே. சத்தானது என்று பெயர் வாங்கியவைதான் பாதிக்கு மேல்! மிஞ்சியது சோறு, தோல் சீவிய உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், அன்றே வாங்கி அன்றே சமைத்த கோழி, தோல் சீவிய பேரிக்காய். மீந்த கறியைச் சூடாக்கிச் சாப்பிடக் கூடாது. வைக்க வைக்க அதில் அமீன் கூடும், அதில் ஒன்றான ஹிஸ்டமின் சூட்டில் அழியாது. பொட்டலங்களில் 102 (மஞ்சள் நிறமி), 211 (பென்சோயேட்), 621 (குளுட்டமேட்) என்ற எண்களைத் தேடுவது பழகிப்போயிற்று. நான் யோசித்தே பார்க்காதவை புதினா பற்பசையும் வலித் தைலமும். தைலத்தில் இருப்பது மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினும் அதே குடும்பம்தான், ஆனால் இதயத்துக்காக அதை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

சில வாரங்களில் தடிப்பு நன்றாகக் குறைந்தது. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உண்மையான வேலை இதற்கு அப்புறம்தான்: விலக்கியதை ஒவ்வொரு வகையாக மறுபடி சாப்பிட்டுப் பார்ப்பது.

தக்காளியில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் டயட்டீஷியன். அதில் சாலிசிலேட், அமீன், குளுட்டமேட் மூன்றுமே உண்டு, தடித்தால் எதைக் குற்றம் சொல்வது? அமீனுக்கு வாழைப்பழமும் சாக்லேட்டும் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. (அந்த வாரம் சந்தோஷமாகப் போனது.) தோல் மூன்று நாள் அடங்கியிருந்த பிறகு சாலிசிலேட்டுக்கு ஆப்பிள், தேன், புதினா டீ. முதல் நாள் சும்மா இருந்தது. மறுநாள் சாயங்காலம் கைக்கடிகாரப் பட்டையின் அடியில் அரித்தது. கழற்றிப் பார்த்தால் பட்டையின் அகலத்துக்கே சிவந்து தடித்திருந்தது. இரவுக்குள் இடுப்பிலும், உடை இறுக்கும் இடமெல்லாம்.

அதற்காக ஆப்பிளை விலக்கிவிடவில்லை. ஒன்று சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. அதோடு தேனும் காரமான குழம்பும் ஒரே நாளில் சேர்ந்தால்தான் வம்பு. அலர்ஜிக்குத் துளி போதும், இங்கே அளவுதான் கணக்கு, அதுவும் இரண்டு மூன்று நாள் சேர்ந்த அளவு. மதியம் தடித்தால் காலை உணவை மட்டும் சந்தேகிப்பதில் பயனில்லை. இன்னொன்று, சோதனை நடக்கும்போது தடிப்புக்குப் போடும் மாத்திரையின் அளவை மாற்றக் கூடாது. மாற்றினால் குறைந்தது உணவாலா மருந்தாலா என்று தெரியாது.

அக்கா தன் மகளின் எக்ஸிமாவுக்கு (தோல் வறண்டு அரிக்கும் நோய்) இதையே செய்யலாமா என்று கேட்டாள். நீயாகச் செய்யாதே என்றேன். எக்ஸிமாவில் தோலின் தடுப்பே பலவீனம், முதலில் ஈரப்பதக் களிம்பும் மருத்துவர் தரும் மருந்தும்தான். வளரும் பிள்ளையின் தட்டில் இத்தனையைக் குறைத்தால் சத்துக்குறைவு வந்துவிடும். டயட்டீஷியன் கூடவே இருந்தால் பார்க்கலாம்.