செஸ்னா 140-க்கு அடித்தகடு மாற்றிய அனுபவம்

டெக்சாஸில் நான் வைத்திருக்கும் செஸ்னா 140 என்ற சிறு விமானம் 1946-இல் செய்தது. இறக்கைக்கு மட்டும்தான் துணி. உடல் முழுக்க அலுமினியம். வருடாந்திரப் பரிசோதனைக்காக வால்பகுதிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு பழைய எலிக்கூடு தெரிந்தது. எலி மூத்திரம் அலுமினியத்துக்கு எமன். கூட்டை வாரி எடுத்ததும், உடலின் கீழ்ப்பக்கத்தை மூடும் அடித்தகட்டில் வெள்ளைப்பொடி பூத்துக் கிடந்தது. லேசாகச் சுரண்டினாலே ஊசித்துளை விழுந்தது.

சின்னதாக ஒட்டுப் போட்டால் போதாதா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "அரிப்பு எதுவரை போயிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்றார். ஒரு மூட்டிலிருந்து (இரண்டு தகடுகள் சேரும் இடம்) அடுத்த மூட்டுவரை முழுத் தகட்டையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. அமெரிக்க விதிப்படி இது விமானத்தின் சொந்தக்காரர் தானாகச் செய்துகொள்ளக்கூடிய வேலை இல்லை. ஆனால் உரிமம் பெற்ற மெக்கானிக் நேரில் இருந்து மேற்பார்த்தால், அவருக்குக் கீழே நாமும் வேலை செய்யலாம். அப்படித்தான் செய்தேன்.

இந்த விமானத்தில் தகடுதான் சுமை தாங்குகிறது. அதைக் கழற்றினால் உடல் தொய்யலாம், முறுக்கிக்கொள்ளலாம். அதனால் முதலில் உடலுக்குச் சரியாக முட்டுக்கொடுத்தோம். பிறகு, தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ரிவெட் ஆணிகளை எடுக்கும் வேலை. என்னைக் கேட்டால், மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். ரிவெட் தலையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். டிரில் முனை அங்கே உட்கார்ந்துகொள்ளும். தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்துவிட்டு நிறுத்த வேண்டும். பஞ்ச் என்ற இரும்புக் கம்பியை அந்தத் துளையில் விட்டுச் சாய்த்தால் தலை 'டிக்' என்று தெறிக்கும். அப்புறம் உள்ளிருந்து ஒருவர் கனமான இரும்பைத் தாங்கிப் பிடிக்க, தண்டை மெதுவாகத் தட்டித் தள்ளலாம். அவசரப்பட்டு முழுதாகத் துளைத்தால் உள்ளே இருக்கும் சட்டத்தின் துளை பெரிதாகிவிடும், அடுத்த அளவு ரிவெட்டுக்குப் போக வேண்டிவரும். துளையிலிருந்து தகட்டின் ஓரம்வரை ரிவெட்டின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இடம் வேண்டும். பழைய விமானங்களில் அந்த இடம் ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும்.

கழற்றிய தகட்டைத் தூக்கி எறியாதீர்கள், வளைக்கவும் கூடாது. அதுதான் புதுத் தகட்டுக்கு அச்சு. 2024-டி3 என்ற அலுமினியக் கலவையில் செய்த ஆல்கிளாட் ஷீட் வாங்கினோம். நல்ல நிலையில் இருந்த ஓர் இடத்தில் பெயின்டை நீக்கி, மைக்ரோமீட்டரில் அளந்து, அதே தடிமனில் எடுத்தோம். ஆல்கிளாட் என்றால் இரு பக்கமும் மெல்லிய தூய அலுமினியப் பூச்சு. அரிப்பைத் தடுப்பது அந்தப் பூச்சுதான். அதில் கீறல் விழுந்தால் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அங்கேயே போயிற்று. பென்சிலால் கோடு போடவும் கூடாது, கிராஃபைட் பட்ட இடத்தில் பின்னால் அரிப்பு வரும். நாங்கள் மார்க்கர் பேனாவைத்தான் பயன்படுத்தினோம்.

துளைகளைப் பழைய தகட்டிலிருந்து புதிதுக்கு மாற்றும்போது ஒரு துளை போட்டவுடன் அதில் ஒரு கிளிகோவை (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்) மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். செம்பு நிறக் கிளிகோ 1/8 அங்குலத் துளைக்கு, வெள்ளி நிறம் 3/32-க்கு. எல்லாம் பொருந்தியதும் மறுபடி முழுதும் கழற்றி, ஒவ்வொரு துளையின் பிசிறையும் எடுத்து, உள்பக்கம் பிரைமர் அடித்தோம். இந்தக் கழற்றலைத் தவிர்க்கலாமே என்று கை பரபரக்கும். தவிர்த்தால் பிசிறும் சுருளும் இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வால்பகுதி குறுகல், என் கை நுழையவில்லை. ரிவெட்டின் மறுமுனையைத் தாங்கும் இரும்புக்கட்டையான பக்கிங் பாரோடு என் மகள் உள்ளே போனாள், வெளியிலிருந்து அடிக்கும் ரிவெட் கன் என்னிடம். அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் தட்டுதான் பாஷை: ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கெட்டுப்போச்சு, எடு. "அப்பா, கன்னை நேராப் பிடிங்க, தலை சாயுது" என்று இடையில் ஒருமுறை கத்தினாள். 1/8 அங்குல ரிவெட் உள்ளே நசுங்கி 3/16 அங்குலம் அகலமும் 1/16 அங்குலம் உயரமும் வர வேண்டும். அவள் ஒவ்வொன்றையும் கேஜ் வைத்துப் பார்த்தாள். மெக்கானிக்கும் உள்ளே தலையை நுழைத்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார்.

கடைசியில் காகித வேலை. புது மூட்டு சேர்த்தாலோ, தகட்டை வெட்டி இணைத்தாலோ அது பெரிய பழுது. அதை அமெரிக்க விமானத்துறைக்கு (எஃப்ஏஏ) தெரிவிக்கும் 337 படிவம் கட்டாயம். மூட்டிலிருந்து மூட்டுவரை அப்படியே மாற்றினால் தேவையா என்பதில் மெக்கானிக்குகளிடையே ஒரே கருத்து இல்லை. எங்களவர் போட்டுவிடலாம் என்றார், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஒரு பிரதி ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ அலுவலகத்துக்கு, ஒன்று எனக்கு. தகட்டை மூடுவதற்கு முன் உள்பக்கம் எடுத்த படங்களையும் லாக்புக்கோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படி எடுத்து வையுங்கள்; நாளைக்கு விமானத்தை வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.