ஐந்தாவது புள்ளி

ஜனவரி 11
ஓரியன் நெபுலாவின், அந்த வாயு மேகத்தின், நடுவே இன்றும் நான்கு நட்சத்திரங்கள்தான். ஐந்தாவது தெரியவில்லை.

ஜனவரி 12
மேகம்.

ஜனவரி 15
கண் ஆஸ்பத்திரியில் வியாழன் அன்று கூப்பிடுகிறோம் என்றார்கள். எந்த வியாழன் என்று கேட்கத் தோன்றவில்லை. வானத்து வியாழன் சொல்லாமலேயே தினமும் வந்து நிற்கிறது, இவர்கள்தான்.

ஜனவரி 17
நிலா இல்லை. பத்து மணிக்கு ஓரியன் விண்மீன் கூட்டத்தின் வாள், நெபுலா இருக்கும் இடம், நல்ல உயரத்தில். ஆறு அங்குலத் தொலைநோக்கியில் 150 மடங்கு வைத்தேன், இடது கண்ணுக்கு ட்ரப்பீசியத்தின், அதுதான் அந்த நட்சத்திரக் கூட்டத்தின் பெயர், நான்கும் ஊசி குத்தின மாதிரி தனித்தனியாக நின்றன. வலது கண்ணில் நேராகப் பார்த்தால் நான்கும் ஒட்டிக்கொண்டு ஒரே கறை. ஆனால் பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் நெபுலா அப்படியே இருக்கிறது, இரண்டு சிறகும் விரிந்து, நடுவில் அந்த இருட்டு மீன் வாய், அதற்கு அப்பால் எம்43 என்ற பக்கத்து நெபுலாவின் சின்னத் திட்டு. மங்கலானதைப் பார்க்க நடுப்பார்வை எப்போதுமே உதவாது, ஓரப் பார்வைதான். அதனால் வலது கண்ணில் இன்னும் பாதி வேலை நடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 18
கலிலியோவை நினைத்துத் தூக்கம் கெட்டது. 1610-இல் அந்த வாளையே வரைந்து புத்தகத்தில் போட்டார், நட்சத்திரங்கள் மட்டும். அதே ஆண்டு பிரெஞ்சுக்காரர் பெய்ரெஸ்க் அங்கே மேகம் மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டார். 1617-இல் கலிலியோ ட்ரப்பீசியத்தில் மூன்றைக் குறித்தார், அப்போதும் மேகம் கிடையாது. அவ்வளவு கூர்மையான கண்ணுக்கே!

ஜனவரி 20
சொட்டு மருந்து போட்டார்கள். கண்மணி இவ்வளவு விரிந்திருக்கிறதே, இன்று நெபுலா பிரமாதமாகத் தெரியும் என்று நினைத்தேன். எல்லா விளக்கும் பூவாக விரிந்ததுதான் மிச்சம்.

ஜனவரி 22
வியாழன். அழைப்பு இல்லை.

ஜனவரி 23
படங்களில் நெபுலா ரோஜா நிறம், அது ஹைட்ரஜன். என் கண்ணுக்கு லேசான பச்சை கலந்த சாம்பல்தான். அந்தப் பச்சைக்கு ஒரு கதை இருக்கிறது. 1860களில் இங்கிலாந்து வானியலாளர் ஹக்கின்ஸ் நெபுலா ஒளியைப் பிரித்து, அந்த நிறமாலையில் பச்சைக் கோடுகளைப் பார்த்தார், தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அவை ஒத்துப்போகவில்லை, சரி புதுத் தனிமம் என்று 'நெபுலியம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1927-இல்தான் அமெரிக்க இயற்பியலாளர் போவன் கண்டுபிடித்தார், அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன். நம் ஆய்வகத்து வெற்றிடத்தைவிட அங்கே வாயு அடர்த்தி குறைவு, அணுக்கள் மோதிக்கொள்ளாமல் நிதானமாக அந்த ஒளியை விட முடிகிறது. நாம் மூச்சுவிடுகிற அதே ஆக்சிஜனுக்குப் பல வருஷம் வேறு பெயர்.

என் கண் கோளாறுக்கும் முதலில் வேறு பெயர்தான் சொன்னார்கள்.

ஜனவரி 26
நான்கில் பிரகாசமானது, தீட்டா-1 சி, கிட்டத்தட்ட 40,000 டிகிரி. மொத்த நெபுலாவும் பெரும்பாலும் அதன் புற ஊதாக் கதிரால்தான் ஒளிர்கிறது. பக்கத்தில் பிறந்துகொண்டிருக்கும் சின்ன நட்சத்திரங்களைச் சுற்றி, நாளைக்குக் கோளாகக்கூடிய தூசித் தட்டுகள் இருக்கின்றன, ஹபிள் படம் எடுத்திருக்கிறது. அவற்றை ஆவியாக்கி ஊதித் தள்ளுவதும் இதே சி. இன்று அதன்மேல் காரணமில்லாமல் கோபம்.

ஜனவரி 31
நிலா வெளிச்சம் சிறகுகளைத் தின்றுவிட்டது. நான்கு.

பிப்ரவரி 3
கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை! 9-ஆம் தேதி காலை அறுவை சிகிச்சை. ஒரு மாதம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தொலைநோக்கி கனத்தில் சேருமா என்று கேட்டேன், அந்தப் பெண் சிரித்துவிட்டார். மார்ச்சில் இருட்டுவதற்குள்ளேயே ஓரியன் மேற்கே சாய ஆரம்பித்திருக்கும்.

பிப்ரவரி 7
காற்று அசையவே இல்லை. இடது கண். நான்கில் ஒன்றான ஏ-க்குப் பக்கத்தில், மூன்று நான்கு வினாடி, ஏதோ ஒன்று. அப்புறம் போய்விட்டது. இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்