ஜிப்சியின் முன்பக்க ஆட்டம்: பழுது தேடிய நாட்கள்

2024 மே 11

வால்பாறையிலிருந்து ஆழியாற்றுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒழுங்காக வந்த வண்டி, சமவெளியில் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறுபாலத்தின் மேட்டில் ஏறி இறங்கியதும் இரு கைகளையும் உதறும்படி ஆடத் தொடங்கியது. வேகம் 30-க்குக் கீழே வந்த பிறகே ஆட்டம் நின்றது. 1995-ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி இது. சென்ற ஆண்டு இதே தொல்லைக்கு ஒரு பட்டறையில் ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் டேம்பரை மாற்றினார்கள். சில மாதங்கள் அடங்கியிருந்தது. டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்குமே தவிர, அதன் காரணத்தைத் தொடாது. பள்ளங்களில் இடப்பக்கத்திலிருந்து ‘டொக்’கென்ற ஒலியும் வருகிறது.

மே 12

சக்கரங்கள் நேராகத் தரையில் நிற்க, ஸ்டீயரிங் வட்டத்தின் விளிம்பில் தளர்வை, அதாவது சக்கரங்கள் திரும்பத் தொடங்கும் முன் வட்டம் வீணாக நகரும் தூரத்தை, அளந்தேன்: 50 மி.மீ. இந்த வண்டிக்கு 30 வரை இயல்பு. தம்பி மகன் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்க, நான் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பின் மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இப்படிப் பார்க்கும்போது கண்ணைவிடக் கைக்கே அதிகம் தெரிகிறது. ஸ்டீயரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிராக் லிங்கின் ஒரு முனையில் மட்டும், தண்டு நகர்வதற்கு முன் பந்து தன் குழிக்குள் தனியாக அசைந்தது. இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் முனைகளில் குறையில்லை.

ஸ்டீயரிங் பாக்ஸின் மேலுள்ள திருகை இறுக்கினால் தளர்வு குறைந்ததுபோலத் தோன்றும் என்று அறிவேன். ஆனால் இணைப்புகளில் தேய்மானம் இருக்கும்போது அதை இறுக்கினால், பாக்ஸ் வீணாகத் தேய்வதுடன் வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பவும் மறுக்கும். ஆகவே அதைத் தொடவில்லை.

ஜிப்சியின் முன் வில் பட்டைகளைச் சட்டத்தோடு இணைத்து அசையவிடும் ஷேக்கிள், அவற்றின் முன்முனையில் இருக்கிறது. இடப்பக்க ஷேக்கிளைக் கடப்பாரையால் நெம்பியபோது, ரப்பர் புஷ் நசுங்கி உலோகத்தோடு உலோகம் மோதியது. ‘டொக்’ ஒலி அங்கிருந்துதான் வருகிறது.

மே 18

பொள்ளாச்சியில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் காட்டினேன். முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இடச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது தெளிவான தளர்வு இருந்தது. வீல் பேரிங்தான் என்று நான் சொன்னதும், “பிரேக்கை அழுத்திப் பாத்தீங்களா?” என்று கேட்டார். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் மாட்டும் ஹப்பும், அதைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்பும் நக்கிளும் ஒன்றாகப் பிணைந்துவிடுவதால், வீல் பேரிங்கின் தளர்வு மறைந்துவிடும். நக்கிள் திரும்பும் அச்சாணியான கிங் பின்னில் தளர்வு இருந்தால் மறையாது. அழுத்திய பின்னும் சக்கரம் அப்படியே ஆடியது. நான் தவறாமல் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

மே 19

நக்கிளைப் பிரித்தோம். உள்ளிருந்த கிரீஸ் கியர் ஆயிலோடு கலந்து கஞ்சிபோல் ஓடியது. கியர் ஆயிலை அச்சுக்குள்ளேயே தடுத்து வைக்கும் உள் சீல் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கீழ்க் கிங் பின் பேரிங்கில் துரு ஏறியிருந்தது, அதன் கிண்ணம் போன்ற வெளி வளையத்தில் உருளைகள் பதிந்த வரிகள் விரல் நகத்தில் தட்டின. இந்த பேரிங் முழுதாகச் சுழல்வதில்லை, ஒரு சிறு கோணத்திற்குள்ளேயே திரும்பித் திரும்பி அசைகிறது. சாலையின் அடி முழுவதும் அதே இடத்தில் விழ, நேராக ஓடும் நிலையிலேயே பள்ளம் பதிந்துவிடுகிறது. உதறலின் வேர் இங்கே இருந்தது.

மே 25

இருபுறமும் கிங் பின் பேரிங்குகள், சீல்கள், டிராக் லிங்க் முனை, ஷேக்கிள் புஷ்கள் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்யும் தகடுகளான பழைய ஷிம்களை அப்படியே வைத்து முடித்துவிடலாம் என்று உதவியாளர் சொன்னார், நான் ஒப்பவில்லை. நக்கிள் சீலைப் பூட்டாமல், டை ராட் மாட்டும் துளையில் சுருள்தராசைக் கொக்கியிட்டு இழுத்தால் நக்கிள் அசையத் தொடங்கும் இழுவை 1.0 முதல் 1.8 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் அரைக் கிலோவுக்கே நகர்ந்தது. ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்த பிறகு 1.5-க்கு வந்தது. முன் சக்கரங்கள் முன்புறம் சற்றே உள்நோக்கி இருக்கும் அளவான டோ-இன்னை 4 மி.மீ. ஆக வைத்தோம், 2 முதல் 6 வரை ஏற்கத்தக்கது.

மே 26

அதே சிறுபாலத்தை 55, 60, 65 வேகங்களில் கடந்தேன். உதறலும் இல்லை, ‘டொக்’ ஒலியும் இல்லை. ஸ்டீயரிங் தளர்வு 22 மி.மீ. திரும்பும் வழியில், மண் பாதையில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டு முழு வளைவு எடுத்தபோது மட்டும் வலப்பக்கத்தில் ‘டக் டக்’ என்று கேட்டது. முன் சக்கரங்கள் ஆக்சில் தண்டிலிருந்து பிரிந்து ஓடும்படி முன் ஹப்புகளை விடுவித்து அதே வளைவை எடுத்தேன், ஒலி நின்றது. அது, திரும்பும்போதும் சக்கரத்துக்கு விசையைக் கொடுக்கும் வெளி ஆக்சில் ஜாயிண்டின் தேய்மானம். மழை பிடிப்பதற்குள் அந்தப் பக்கத்தை மீண்டும் பிரிக்க வேண்டும்.